குறட்டைக்கு எத்தனை சென்டிமீட்டர்?

தூக்கத்தில் மூச்சு அடைக்காமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சிபேப் மெஷினை வாங்கப் போகிற எல்லோரும் கடையில் தடுமாறும் கேள்வி: ஃபிக்ஸடா, ஆட்டோவா? விலையில் பெரிய வித்தியாசம். பலனில்?

ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட் கைக்கு வந்துவிடுகிறது. மணிக்கு இத்தனை முறை மூச்சு நின்றது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இவ்வளவுக்கு இறங்கியது என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. 'சிபேப் போட்டுக்கொண்டு தூங்குங்கள்' என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அடுத்த காட்சி, மெஷின் விற்கிறவரின் மேஜை. அதன் மேல் இரண்டு பெட்டிகள், பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி. ஒன்று ஃபிக்ஸட், ராத்திரி முழுக்க ஒரே அழுத்தத்தில் காற்றை ஊதும். மற்றது ஆட்டோ, தூங்குகிறவரின் மூச்சுக்குத் தகுந்தபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆட்டோவுக்கு விலை கணிசமாகக் கூடுதல். "ஆட்டோவே எடுத்துக்கோங்க சார், எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்" என்பார் விற்கிறவர். "உடம்பு விஷயத்துல காசு பார்க்க வேணாம்" என்பார் வீட்டிலிருந்து கூட வந்தவர். பத்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் கேட்காமல் விடும் கேள்விகள் சில இருக்கின்றன. அவற்றுக்கான விடைதான், வாங்கிய மெஷின் தலைமாட்டில் ஓடப்போகிறதா, பரண் ஏறப்போகிறதா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் இந்த ஸ்லீப் ஆப்னியாவை யாரோ சிலருடைய வியாதி என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் சுமார் 11 சதவிகிதம் பேருக்கு இது இருக்கிறது. ஆண்களில் 13 சதவிகிதம், பெண்களில் 5. உழைக்கும் வயதில் இருக்கிறவர்களை மட்டும் எண்ணினாலே 10 கோடியைத் தாண்டுகிறது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் நடுத்தரத்திலோ கடுமையாகவோ இருக்கிறது. மணிக்கு 5 முறை மூச்சு தடைபட்டால் லேசு, 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை என்பது மருத்துவர்களின் அளவுகோல். இத்தனை பேரில் ஒரு சிறு பங்கு சிகிச்சைக்கு வந்தாலும், 'ஃபிக்ஸடா, ஆட்டோவா' என்பது லட்சக்கணக்கான குடும்பங்களின் பணத்தையும் தூக்கத்தையும் தொடுகிற கேள்வி. அதற்கு இந்தக் கட்டுரை சொல்லும் பதில் இதுதான்: எந்தப் பெட்டி என்பதைவிட, அந்தப் பெட்டிக்குள் என்ன எண்களை யார் வைக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்து அவற்றை யார் திருத்துகிறார்கள் என்பது முக்கியம். எல்லை குறிக்காமல் ஓடவிட்ட ஆட்டோவைவிட, சரியாக அளந்து வைத்த ஃபிக்ஸட் மேல்.

ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா

முதலில் அந்த 'அழுத்தம்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சிபேப் அழுத்தத்தைச் சென்டிமீட்டரில் சொல்வார்கள். தண்ணீரின் உயரம் அது. உயரமான டம்ளர் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி மெல்ல ஊதிப் பாருங்கள். ஸ்ட்ராவின் அடியிலிருந்து முதல் குமிழி கிளம்புகிற நொடியில் உங்கள் வாய் கொடுக்கும் அழுத்தம்தான் 10 சென்டிமீட்டர். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. சிபேப் மெஷின்கள் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை ஊதக்கூடியவை. நாலு சென்டிமீட்டரை ஊதுவது குழந்தை விளையாட்டு; இருபதைத் தொடர்ந்து ஊத முயன்றால் கன்னம் வலிக்கும். இவ்வளவு சின்ன அழுத்தம் எப்படி ஒரு நோயை நிறுத்துகிறது? தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து, மென்மையான சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் மூச்சு நிற்கிறது. உள்ளே நிற்கும் காற்று, குலை தள்ளிய வாழைக்குக் கொடுத்த முட்டு மாதிரி, அந்தச் சுவர்களைச் சாயவிடாமல் தாங்குகிறது. முட்டு குட்டையாக இருந்தால் வாழை சாயும். தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் வேறு தொல்லை. ஆக, எல்லாமே சரியான உயரத்தைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

இந்த யோசனை பிறந்த இடம் ஆஸ்திரேலியாவின் சிட்னி. அதுவரை கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுக்கு உறுதியான தீர்வு என்று இருந்தது, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவது. 1980இல் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், வேக்குவம் கிளீனர் வகை மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதவைத்து, மூக்கில் ஒட்டிய மாஸ்க் வழியாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். நின்று நின்று வந்த மூச்சு சீரானது. 1981இல் ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 'லான்செட்' இதழில் அவரும் சக மருத்துவர்களும் வெளியிட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் ஏறக்குறைய 4.5 முதல் 10 சென்டிமீட்டர் வரை. ஐந்தே பேர், அதற்குள்ளேயே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஒருவருக்குப் பொருந்தும் அழுத்தம் இன்னொருவருக்குப் பொருந்தாது என்பது இந்தச் சிகிச்சையின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஃபிக்ஸட், ஆட்டோ என்ற இரண்டு வழிகளும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற இரண்டு முறைகள், அவ்வளவுதான்.

அளவெடுத்துத் தைத்ததும் எலாஸ்டிக்கும்

ஃபிக்ஸட் மெஷினுக்கான எண்ணைக் கண்டுபிடிக்கும் முறைக்கு 'டைட்ரேஷன்' என்று பெயர். தூக்க ஆய்வகத்தில் நோயாளியின் தலையிலும் மார்பிலும் காலிலும் ஒயர்களை ஒட்டி, மாஸ்க்கை மாட்டிப் படுக்கவைப்பார்கள். பக்கத்து அறையில் டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி 4 சென்டிமீட்டரில் தொடங்குவார். மூச்சு தடைபட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து ஒரு சென்டிமீட்டர் ஏற்றுவார். மறுபடி காத்திருப்பார், மறுபடி ஏற்றுவார். மூச்சு நிற்பதும், அரைமூச்சாகக் குறைவதும், கடைசியில் குறட்டையும் அடங்கும் இடம்தான் அந்த நோயாளியின் எண். இது தையல்காரர் நாடா பிடித்து அளவெடுப்பது மாதிரி. மூளையின் அலை, ஆக்ஸிஜன், படுக்கும் நிலை எல்லாவற்றையும் ஒருவர் கண்ணால் பார்த்து எடுத்த அளவு என்பது இதன் பெரிய பலம். ஒரே ஒரு ராத்திரியில் எடுத்த அளவு என்பது இதன் பலவீனம். பழக்கமில்லாத கட்டில், உடம்பெல்லாம் ஒயர். வீட்டில் ஒருக்களித்துத் தூங்குகிறவர் அங்கே மல்லாந்தே கிடந்திருக்கலாம். கனவு வரும் தூக்க நிலையில் தசைகள் இன்னும் தளரும். அந்த நிலை அன்று சரியாக வராமலே விடிந்திருக்கலாம். பாதி ராத்திரி நோயைக் கண்டுபிடிக்கவும் மீதிப் பாதி அளவெடுக்கவும் பயன்படுத்தும் இடங்களில், அளவெடுக்கக் கிடைக்கும் நேரம் இன்னும் சுருக்கம். ஆறு மாதம் கழித்துப் பத்து கிலோ ஏறினாலும் இறங்கினாலும் மெஷினில் இருக்கும் எண் அப்படியேதான் இருக்கும்.

ஆட்டோ மெஷின் எலாஸ்டிக் வைத்த துணி மாதிரி. 1990களில் சந்தைக்கு வந்த இந்த வகை, ஒவ்வொரு மூச்சின் வடிவத்தையும் கவனிக்கிறது. தொண்டை நன்றாகத் திறந்திருக்கும்போது, உள்ளே இழுக்கும் மூச்சை வரைபடமாகப் பார்த்தால் உருண்டையான குன்று போல இருக்கும். தொண்டை சுருங்கத் தொடங்கியதும் அந்தக் குன்றின் உச்சி வெட்டியது போலத் தட்டையாகிவிடும். மூச்சு நிற்பதற்கு முன்பே தெரிகிற அடையாளம் இது. தட்டையான உச்சி, குறட்டையின் அதிர்வு, மூச்சு நிற்பது ஆகிய மூன்றையும் வைத்து மெஷின் அழுத்தத்தை ஏற்றுகிறது; எல்லாம் சீராக இருந்தால் மெல்ல இறக்குகிறது. மூச்சு நின்றதும் காற்றில் நுண்ணிய அதிர்வை அனுப்பி, தொண்டை அடைத்திருக்கிறதா, அல்லது திறந்திருந்தும் மூளை 'மூச்சு விடு' என்று சொல்லவில்லையா எனப் பிரித்துப் பார்க்கும் மாடல்களும் இருக்கின்றன. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, எப்போது, எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்ற விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு கம்பெனி ஆட்டோவைப் பற்றிய ஆய்வு இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. இரண்டு, மெஷினுக்குத் தெரிவது காற்று மட்டும். அணிந்திருப்பவர் தூங்குகிறாரா, விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாரா என்பதோ, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதோ அதற்குத் தெரியாது.

பதின்மூன்று நிமிடம்

சரி, எது நல்லது? இதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2019இல் வெளியானது. ஆட்டோவையும் ஃபிக்ஸடையும் ஒப்பிட்ட 36 ஆய்வுகள், 2,135 நோயாளிகள். கிடைத்த விடை: ஆட்டோ கொடுக்கப்பட்டவர்கள் ராத்திரிக்குச் சராசரியாக 13 நிமிடம் கூடுதலாக மெஷினைப் பயன்படுத்தினார்கள். பகல் தூக்கக் கலக்கத்தை 24 மதிப்பெண்ணுக்கு அளக்கும் எப்வொர்த் அளவுகோலில் அவர்களுக்கு அரை மதிப்பெண்ணுக்கும் குறைவான கூடுதல் முன்னேற்றம். மெஷின் போட்ட பிறகும் மிச்சமிருக்கும் மூச்சுத் தடைகளை எண்ணினால், ஆட்டோவில் மணிக்கு அரைத் தடை அதிகம். அதாவது மூன்று கணக்கில் இரண்டு ஆட்டோவின் பக்கம், ஒன்று ஃபிக்ஸடின் பக்கம். மூன்றுமே நோயாளி உணர முடியாத அளவுக்குச் சின்னவை. அதே 2019இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதலும், தொடர் சிகிச்சைக்கு ஃபிக்ஸட், ஆட்டோ இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்று வலுவாகப் பரிந்துரைத்தது. வேறு பெரிய நோய்கள் இல்லாதவர்களுக்கு, ஆய்வகத்தில் அளவெடுக்காமல் வீட்டிலேயே ஆட்டோவோடு சிகிச்சையைத் தொடங்கலாம் என்றும் சொன்னது. இத்தனை ஆய்வுக்குப் பிறகும் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், 'ஆட்டோதான் நல்லது' என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லப்படும் வாக்கியத்துக்கு ஆதாரம் மெல்லியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். சராசரி என்பது பலரைக் கலந்து அரைத்த மாவு. அதில் ஆட்டோவால் ரொம்பவும் பலன் பெற்றவர்கள் மறைந்துபோயிருக்கலாமே? உண்மைதான். மல்லாந்தால் மூச்சு அடைத்து, ஒருக்களித்தால் திறக்கிறவர்கள், கனவுத் தூக்கத்தில் மட்டும் மோசமாகிறவர்கள், மூக்கடைப்பு வந்து வந்து போகிறவர்கள், இரவு மது அருந்துகிற நாளில் மட்டும் நிலைமை மாறுகிறவர்கள், எடை ஏறி இறங்குகிறவர்கள்... இவர்களுக்கு ஒரே எண் என்பது பெரும்பாலான நேரம் அதிகமாகவும் சில நேரம் போதாமலும் இருக்கும். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத அழுத்தம் தேவைப்பட்ட 44 பேரை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் ஆட்டோவை ராத்திரிக்கு 306 நிமிடமும் ஃபிக்ஸடை 271 நிமிடமும் பயன்படுத்தினார்கள். 35 நிமிட வித்தியாசம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஆகவே, சிலருக்கு ஆட்டோ கூடுதலாக உதவும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால், அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பது கடை மேஜையில் தெரியாது. ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டில் மல்லாந்த நிலைக்கும் ஒருக்களித்த நிலைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் எண்களைப் பார்த்தாலோ, சில வாரங்கள் மெஷின் பதிவு செய்ததைப் பார்த்தாலோதான் தெரியும். மறுபடியும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டிய வேலை அது.

நாலும் இருபதும்

'அதுவே பார்த்துக்கும்' என்ற வாக்கியத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஆட்டோ மெஷினில் இரண்டு எண்களை வைக்க வேண்டும்: இதற்குக் கீழே இறங்காதே, இதற்கு மேலே ஏறாதே. யாரும் தொடாமல் விட்டால் பல மெஷின்களில் இவை 4, 20 என்றே இருக்கும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மல்லாந்து தூங்கும்போது 11 சென்டிமீட்டர் தேவைப்படுகிற ஒருவர், 4இல் தொடங்கும் மெஷினோடு படுக்கிறார். மாஸ்க்குக்குள் காற்று போதாத மாதிரி இருக்கிறது. 'மூச்சு முட்டுதே' என்று இரண்டு முறை கழற்றி மாட்டுகிறார். கடைசியில் ஒருக்களித்துத் தூங்கிவிடுகிறார்; மெஷின் 6இல் நிற்கிறது. இரண்டு மணிக்குப் புரண்டு மல்லாக்கிறார். மூச்சு அடைக்கிறது. மெஷின் ஒரேயடியாக 11க்குத் தாவாது. கவனித்து, படிப்படியாக ஏறும். அதற்குள் நாலைந்து தடைகள் நடந்துமுடிகின்றன. விடிகாலையில் கனவுத் தூக்கம். மறுபடி அதே ஓட்டம். இடையே மாஸ்க் நழுவி ஓரத்தில் காற்று கசிகிறது. கசிவால் குழம்பிய மெஷின் 15, 16 என்று ஏற, அந்த வேகத்தில் கசிவு இன்னும் பெரிதாகி, புஸ்ஸென்ற சத்தத்தில் அவரும் பக்கத்தில் படுத்திருப்பவரும் எழுந்துவிடுகிறார்கள். காலையில் 'இது நமக்கு ஒத்துவரல' என்ற தீர்ப்பு. மெஷின் தன் வேலையைச் செய்தது. நாலிலிருந்து இருபது வரை தேடு என்று சொன்னார்கள், தேடியது.

இதே மனிதரின் பதிவை ஒரு வாரம் கழித்து விவரம் தெரிந்த ஒருவர் திறந்து பார்த்தால் என்ன நடக்கும்? ராத்திரியில் 95 சதவிகித நேரம் அழுத்தம் 11.6க்குள் இருந்திருக்கிறது, நடுமட்டம் 8.5 என்பது தெரியும். கீழ் எல்லையை 8 ஆக்குவார், மேல் எல்லையை 13 ஆக்குவார், மாஸ்க்கின் அளவை மாற்றுவார். இப்போது மெஷின் தேட வேண்டிய தூரம் குறைவு. படுத்ததும் மூச்சு முட்டாது. புரண்டால் மூன்றே படி. கசிந்தாலும் உச்சிக்குப் போகாது. இன்னொருவரின் பதிவில் ராத்திரி முழுக்க 9க்கும் 10க்கும் இடையிலேயே கோடு ஓடியிருந்தால், அவருக்கு ஆட்டோவே தேவையில்லை. 10இல் ஃபிக்ஸ் செய்துவிடலாம். இது புது யோசனையும் அல்ல. ஸ்பெயினில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 360 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வு, அழுத்தத்தை மூன்று வழிகளில் நிர்ணயித்துப் பார்த்தது: ஆய்வகத்தில் முழு ராத்திரி அளவெடுப்பது, வீட்டில் ஆட்டோ மெஷினை ஓடவிட்டு அதன் பதிவிலிருந்து எண்ணை எடுப்பது, சூத்திரத்தில் கணக்கிட்டு வீட்டில் சரிசெய்துகொள்வது. மூன்று வழியிலும் வந்தவர்களின் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டோவின் மிகப் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. ஒரு ராத்திரிக்குப் பதிலாகப் பதினான்கு ராத்திரி, ஆய்வகக் கட்டிலுக்குப் பதிலாக உங்கள் கட்டிலில் அளவெடுக்கும் நாடா அது. நாடாவைச் சுற்றிக்கொண்டே திரிந்தால் சட்டை ஆகாது. அளவைப் படித்து ஒருவர் வெட்ட வேண்டும்.

அப்படியானால் ஆட்டோவே வாங்கிவிடலாமே?

கேட்கத் தோன்றும். ஆட்டோ மெஷினை ஃபிக்ஸடாகவும் ஓட்டலாம். ஃபிக்ஸடை ஆட்டோவாக ஓட்ட முடியாது. எனவே ஆட்டோ வாங்கினால் இரண்டும் கையில் இருக்கும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் இந்த வாதத்துக்குப் பதில் இல்லை, ஆட்டோவே வாங்கலாம். ஆனால், பெரும்பாலான வீடுகளில் பணம் பொருட்டுதான். மெஷினோடு செலவு முடிவதில்லை என்பதைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கை மாற்ற வேண்டியிருக்கும். சிலிகான் விளிம்பு நாளடைவில் தொளதொளத்துப்போகும். குழாய், ஃபில்டர் மாற்ற வேண்டும். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் தொண்டை வறண்டால் ஹியூமிடிஃபையர் வேண்டும், அதற்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். கரண்ட் கட்டானால் மெஷின் நின்றுவிடும் என்பதால் இன்வெர்ட்டரும் கணக்கில் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூன்று முறை டாக்டரைப் போய்ப் பார்க்கும் செலவு. கையில் இருப்பதையெல்லாம் ஆட்டோவில் போட்டுவிட்டு, கசியும் மாஸ்க்கோடு மல்லுக்கட்டுகிறவரைவிட, ஆய்வகத்தில் அளவெடுத்துக்கொண்டு ஃபிக்ஸட் வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல மாஸ்க்கும் மறுபரிசோதனையும் வைத்துக்கொண்டவர் நிம்மதியாகத் தூங்குவார். வாடகைக்கு ஆட்டோ கிடைக்கும் ஊர்களில், இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்து எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு ஃபிக்ஸட் வாங்குவது இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி. எந்த மெஷினாக இருந்தாலும் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கக் கூடாது: எத்தனை மணி நேரம் ஓடியது என்பதோடு, கசிவையும் மிச்சமிருக்கும் மூச்சுத் தடைகளையும் அது பதிவு செய்ய வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. அழுத்தம் ஏறி இறங்குவதே தூக்கத்தைக் கலைக்கும், ஃபிக்ஸட்தான் ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்பார்கள் சில மருத்துவர்கள். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பிரான்சில் 322 பேரை இரண்டாகப் பிரித்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஆய்வின் முக்கியக் கேள்வியான மேல் ரத்த அழுத்தத்தில் இரண்டு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை; 24 மணி நேரமும் அளந்த கீழ் ரத்த அழுத்தத்தில் மட்டும் ஃபிக்ஸட் குழுவுக்குச் சற்றுக் கூடுதல் பலன் தெரிந்தது. அந்தச் 'சற்று', ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடங்குவது. இதை வைத்து எல்லோரையும் ஃபிக்ஸடுக்கு மாற்ற வேண்டியதில்லை. ஆனால், நாலிலிருந்து இருபது வரை அலையவிடாமல் எல்லையை நெருக்கிவைப்பதற்கு இது இன்னொரு காரணம். எல்லை நெருங்க நெருங்க ஆட்டோ, ஃபிக்ஸட் மாதிரி நடந்துகொள்ளும். இரண்டு கட்சிகளின் சண்டையும் அந்த இடத்தில் தானே அடங்கிவிடும்.

மெஷின் ஓடிய நேரம்

13 நிமிடத்துக்காக இவ்வளவு விவாதிக்கிறோம்; மணிக்கணக்கில் தொலைந்துபோகும் நேரம் வேறு இடத்தில் இருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் 35 நோயாளிகளின் மெஷினில் அவர்களுக்குத் தெரியாமல் நேரக் கணக்கு வைத்துப் பார்த்தார்கள். தினமும் போட்டுக்கொள்வதாக 60 சதவிகிதம் பேர் சொன்னார்கள். பத்தில் ஏழு நாளாவது நாலு மணி நேரம் போட்டவர்கள் 46 சதவிகிதம்தான். பிற்பாடு உலகம் முழுக்க 'ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்' என்பதற்கு இலக்கணமாகிவிட்ட அந்த நாலு மணி நேரமும் எல்லாவற்றுக்கும் போதாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தூக்கக் கலக்கம் குறைந்ததாக நோயாளியே உணர நாலு மணி நேரம் போதும், சோதனையில் அது தெரிய ஆறு மணி நேரம் வேண்டும், அன்றாடக் காரியங்கள் பழையபடி ஆக ஏழரை மணி நேரம் வரை தேவைப்படலாம் என்று காட்டியது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளியான 'சேவ்' ஆய்வில், சிபேப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால், அதில் மெஷின் ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே ஓடியது. முழு ராத்திரி போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று இதை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாதி ராத்திரிக்கு மேல் கழற்றி வைக்கப்பட்ட சிகிச்சை அது என்பதை மட்டும் சொல்லலாம். நேரத்தைக் கூட்டுவது எது? அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் அதே 2019 வழிகாட்டுதல், சிகிச்சையைத் தொடங்கும்போது நோயாளிக்கு விளக்கிக் கற்றுக்கொடுப்பதை வலுவாகப் பரிந்துரைக்கிறது. தொடக்க நாட்களில் சிக்கல்களைத் தீர்த்துவைப்பது, பதிவைத் தொலைவிலிருந்து கண்காணிப்பது இரண்டையும் ஆதரிக்கிறது. மூன்றும் மனிதர்கள் செய்யும் வேலை.

ஆட்டோ பொருந்தாதவர்கள்

சிலருக்கு இந்தக் கேள்வியே வேறு. இதயம் பலவீனமாகி ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாதவர்கள், புகையாலோ வேறு காரணத்தாலோ நுரையீரல் நாள்பட்டு அடைத்துப்போனவர்கள், அதிக உடல் பருமனால் பகலிலும் மூச்சு குறைந்து ரத்தத்தில் கரியமில வாயு சேருகிறவர்கள், தொண்டை திறந்திருந்தும் மூளையின் கட்டளை வராமல் மூச்சு நிற்கிறவர்கள்... இவர்கள் வீட்டில் தாங்களாகவே ஆட்டோவை ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. ஆய்வகத்தில் கண்காணிப்போடு அளவெடுக்க வேண்டும். சிலருக்குச் சிபேப் போதாமல், மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது வேறு அழுத்தமும் கொடுக்கும் பைபேப் தேவைப்படும். 'புத்திசாலி மெஷின் என்றால் பாதுகாப்பானது' என்ற நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி 2015இல் வெளியான 'சர்வ்-எச்எஃப்' ஆய்வு. ஒவ்வொரு மூச்சுக்கும் தானாக ஈடுகொடுக்கும் ஏ.எஸ்.வி. என்ற உயர்வகை மெஷினை, இதயம் பலவீனமாகி மூளைவழி மூச்சுத்தடையும் இருந்த 1,325 பேரிடம் சோதித்தார்கள். மூச்சுத் தடை அழகாகக் குறைந்தது. ஆனால், மெஷின் போட்டவர்களிடையே இதய நோயால் இறப்பு அதிகமாக இருந்தது. ஏ.எஸ்.வி. வேறு, ஆட்டோ சிபேப் வேறு. அந்த முடிவை இதற்கு நீட்டக் கூடாது. ஆனால் பாடம் பொது: மெஷின் காட்டும் எண் சரியாகிவிட்டது என்பதும், மனிதர் சரியாகிவிட்டார் என்பதும் ஒன்றல்ல.

யார் படிப்பது?

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. தூக்க ஆய்வகம் எல்லா ஊரிலும் இல்லை. டாக்டருக்கு நேரம் இல்லை. சின்ன ஊரிலிருந்து ஒவ்வொரு முறையும் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. அதனால்தானே ஆட்டோ என்பார்கள். பாதி சரி. ஆய்வகத்தில் இடம் கிடைக்கும்வரை கடுமையான நோயோடு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, வேறு சிக்கல் இல்லாதவர் வீட்டில் ஆட்டோவோடு தொடங்குவது நல்லதுதான். ஆனால், ஆய்வகத்துக்குப் பதிலாக ஆட்டோ வரலாம். படிக்கிறவருக்குப் பதிலாக வர முடியாது. பதிவை மெமரி கார்டிலோ போன் ஆப்பிலோ எடுத்து அனுப்பிவிடலாம் என்பதால், பஸ் ஏற வேண்டிய அவசியமும் குறைந்திருக்கிறது. நோயாளியே மூன்று எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம்: நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது, கசிவு எவ்வளவு, மணிக்கு எத்தனை மூச்சுத் தடை மிச்சம். மூன்றாவது எண் 5க்குள் இருந்தால் பொதுவாக நல்லது. ஆனால், அது காற்றோட்டத்தை வைத்து மெஷின் போட்ட கணக்கு. ஆய்வகத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது. எண் நன்றாக இருந்தும் பகலில் கண் சொருகினால், நம்ப வேண்டியது உடம்பை. எல்லைகளை மாற்றும் வேலை மருத்துவருடையது. விற்றவரின் டெக்னீஷியன் பட்டனை அழுத்தலாம். எதை அழுத்துவது என்று அவர் முடிவுசெய்யக் கூடாது. கைமாறி வரும் பழைய மெஷின் என்றால் இன்னொரு விசாரணையும் வேண்டும். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த ஃபோம் சிதைந்து, துகளாகவும் வாயுவாகவும் மூச்சில் கலக்கக்கூடும் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன், மாடல் எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஆக, மேஜையின் முன் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டியவை இவை. ரிப்போர்ட்டில் எனக்கான அழுத்தம் அளந்து எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருந்து, மல்லாந்தாலும் ஒருக்களித்தாலும் நிலைமை பெரிதாக மாறாது என்றால், பதிவு வசதியுள்ள ஃபிக்ஸடே போதும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அளக்கவே இல்லை என்றாலோ, நிலைக்கு நிலை எண் மாறுகிறது என்றாலோ, அழுத்தம் 10க்கு மேல் தேவைப்படுகிறது என்றாலோ, ஆட்டோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க நியாயம் இருக்கிறது. அப்போது வாங்கும் நாளிலேயே இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்: இரண்டு வாரம் கழித்துப் பதிவோடு டாக்டரைப் பார்க்கும் தேதி. அன்று மெஷினைத் திறந்து கீழ் எல்லையும் மேல் எல்லையும் என்ன என்று பாருங்கள். வாங்கியபோது இருந்த 4ம் 20ம் இன்னும் அப்படியே இருந்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள்.